பிடிக்க நிற்பவன்: வேடிக்கை பார்ப்போர் தீர்ப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

"பய தேறுவானா, மாட்டானா?"

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஓர் ஊரின் கண்மாய்க்கரைப் பொட்டலில், இந்தச் சித்திரையில் பத்துப் பன்னிரண்டு சாயங்காலங்கள் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. ஊர்த் திருவிழாவை ஒட்டி மின்னொளி கபடிப் போட்டி. ஊர் அணி அதற்குப் பழகிக்கொண்டிருந்தது. கேள்விக்குரியவன் பதினெட்டு வயதுப் பையன். முதல்முறையாகப் பெரியவர்கள் அணியில் இடது கார்னரில் நிறுத்தப்பட்டிருந்தான். கேட்டவர்கள் பொட்டலை ஒட்டிய குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்த நான்கு பேர். ஐந்தாவதாக நான்.

நால்வரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஒருவர் பழைய ஆட்டக்காரர், முழங்காலில் தழும்பு உள்ளவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார். மூன்றாமவர் சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டிருப்பவர். நான்காமவன் இளைஞன், புரோ கபடி லீக்கை செல்போனில் விடாமல் பார்க்கிறவன். முதல் நாளே தீர்ப்பு வந்துவிட்டது. "கையி இருக்கு, காலு இருக்கு, கண்ணு இல்லைப்பா" என்றார் பழைய ஆட்டக்காரர். "இவுக சித்தப்பன் நின்ன எடத்துல நிக்கிறான். அவன் நின்னா செவுரு மாதிரி" என்றார் கடைக்காரர். வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். இளைஞன் மட்டும் எண்ணினான்: "மூணு தடவ பாஞ்சான், ரெண்டு தடவ டச் குடுத்துட்டான்."

விளையாட்டைப் பற்றி எழுதுவது என் நோக்கமல்ல. எனக்கு அதற்கான தகுதியும் இல்லை. தமிழ் முதுகலை படித்துவிட்டுச் சிறுபத்திரிகைகளில் புத்தக மதிப்புரை எழுதிவருகிறவன் நான். அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: இந்த நால்வரும் செய்வதைத்தான் நானும் செய்துவருகிறேன். புதிதாக வந்த ஒருவனைப் பார்த்து 'இவன் வருவான்', 'இவன் வரமாட்டான்' என்று சொல்கிறோம். சொல்வதற்கு என்ன ஆதாரம், எந்த மொழியில் சொல்கிறோம், சொல்வதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்விகளை நாங்கள் எழுப்பிக்கொள்வதே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். 'நம்பிக்கை தருகிறார், ஆனால் எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றவில்லை' என்று முடித்திருந்தேன். கொஞ்ச காலம் கழித்து அந்தக் கவிஞரை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. உண்மையில் நான் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்த வாக்கியம் கையில் தயாராக இருந்தது, எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரை ஒரு வகையில் அந்தக் கேள்விக்கான தாமதமான பதில்.

2

கபடியின் அமைப்பிலேயே ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஒருவன் பாடிப்போகிறான், ஏழு பேர் நிற்கிறார்கள். பாடிப்போகிறவனுக்குக் குரல் உண்டு. 'கபடி கபடி' என்ற அந்தக் குரல் அறுந்தால் அவன் அவுட். குரலே அவனது இருப்பு. அவனுக்குக் கால அளவு உண்டு: 30 வினாடி. அவனது செயலுக்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு. அதாவது அது ஒரு கதையாடல். கோட்டைத் தாண்டிப் போனான், தொட்டான், திரும்பினான். பிடிக்க நிற்பவனுக்கு இவை எதுவுமில்லை. அவன் பேசாதவன். அவனுடைய ஆட்டம் இன்னொருவனின் வாக்கியத்தில் விழும் முற்றுப்புள்ளியாக மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழ் சினிமா இந்த ஏற்றத்தாழ்வை அப்படியே எடுத்துக்கொண்டது. 'கில்லி' (2004), 'வெண்ணிலா கபடி குழு' (2009), மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்று மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' (2025) என்று வரிசையாகப் பார்த்தால், காமிரா பெரும்பாலும் பாடிப்போகிறவனோடுதான் கோட்டைத் தாண்டுகிறது. எதிரே நிற்பவர்கள் ஒரு கூட்டம். கதாநாயகன் தனியன், எதிரணி கும்பல் என்ற பழைய எதிர்வு கபடிக்குள் சுலபமாகப் பொருந்திவிடுகிறது. கார்னர் ஆட்டக்காரனைப் பற்றி ஒரு கதை பண்ணுவது கஷ்டம்தான். அவன் காத்திருக்கிறான். காத்திருப்பதை எப்படிப் படம்பிடிப்பது?

ஆட்ட நுட்பம் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்னரில் நிற்பவன் முக்கியமாகக் கணுக்காலைப் பிடிப்பவன். போனஸ் கோட்டை நோக்கி ரைடரின் கால் நீளும்போதோ, அவன் திரும்பும்போதோ பாய வேண்டும். கொஞ்சம் முந்தினால் ரைடர் தொட்டுவிட்டுப் போவான். கொஞ்சம் பிந்தினால் கால் இருக்காது. சரியாகப் பாய்ந்தாலும் போதாது. பக்கத்தில் இருப்பவனும் கவரில் நிற்பவனும் அதே கணத்தில் வந்து அடைக்க வேண்டும். அவர்கள் வராவிட்டால் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஆக, கார்னர்க்காரனின் வெற்றி மூன்று பேரின் வேலை. தோல்வியோ அவன் ஒருவனுடையது. தரையில் கிடப்பவன் அவன்தானே. பார்க்கிறவர்களின் விரல் அவனை நோக்கித்தான் நீளும்.

இன்னொன்று. பிடிக்க நிற்பவனின் மிகப் பெரிய வெற்றி எது? ரைடர் அவன் பக்கமே வராமல் போவது. ஆனால் நடக்காத ஒன்றுக்குப் புள்ளி கிடையாது. டிவியில் எண்கள் ஓடுகின்றன: டேக்கிள் புள்ளி, ஐந்து எடுத்தால் 'ஹை ஃபைவ்', மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆட்கள் இருக்கும்போது பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்' என்று ஒரு புள்ளி கூடுதல். எல்லாம் நடந்ததை எண்ணுகின்றன. ஒருவன் நிற்பதாலேயே நடக்காமல் போனதை எண்ணும் கணக்கு அந்த அட்டவணையில் இல்லை. செல்போன் இளைஞனின் விமர்சனம் இந்த அட்டவணையின் குழந்தை. அவன் பொய் சொல்லவில்லை. 'மூணு தடவ பாஞ்சான், ரெண்டு டச்' என்பது உண்மை. அந்த மூன்று தடவைக்கு இடையில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் தவிர்த்தார்கள் என்பது அவன் எண்ணத் தேர்ந்துகொண்ட பொருளல்ல.

சந்தையும் இதற்குத் தப்பவில்லை. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ரைடரை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை அந்த லீக்கில் யாரும் அவ்வளவு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. 2017இல் சேர்ந்ததிலிருந்து பின்வரிசையிலேயே கிடந்த அணி, அவர் இல்லாத அந்தப் பருவத்தில்தான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புதிய ரைடருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கூடவே சாகர் ராத்தி, சாஹில் குலியா என்ற இரண்டு கார்னர் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பிடிப்பவனின் மதிப்பைச் சந்தை பிறகு கண்டுகொண்டது என்றும் சொல்லலாம். 2023 ஏலத்தில் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயி 2.35 கோடிக்குப் போனார். புனேரி பல்தான் அந்தப் பருவத்தின் கோப்பையை வென்றது. ஆனால் அவரும் பிடித்த பிடிகளின் எண்ணிக்கையால்தான் விலை பெற்றார். தவிர்க்கப்பட்ட ரைடுகளுக்கு இன்னும் விலை போடப்படவில்லை.

3

பார்வையாளர் எதைப் பார்க்கிறார்? ரொலான் பார்த் 1957இல் வெளியான 'புராணிகங்கள்' நூலின் முதல் கட்டுரையில் மல்யுத்தத்தை எடுத்துக்கொள்கிறார். அங்கே எல்லாமே குறி. உடம்பைப் பார்த்த மாத்திரத்தில் இவன் நல்லவன், இவன் அயோக்கியன் என்று படித்துவிடலாம். ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையான அர்த்தம் கொண்டது, முடிவு எதுவாக இருந்தால் என்ன என்பது அவர் வாதம். சுவரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு வேண்டியிருந்ததும் அப்படிப்பட்ட வெளிச்சம்தான். ஆனால் கார்னரில் நிற்பவனின் உடம்பு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பாயப் போகிறேன் என்று காட்டிக்கொண்டால் ரைடருக்கும் தெரிந்துவிடுமே. குறி தராமல் இருப்பதே அவனது தொழில். ஆக, நாங்கள் படிக்க முயன்றது தன்னை வாசிக்கவிடாமல் மறைத்துக்கொள்ளும் ஒரு பிரதியை. வாசிக்க முடியாத இடத்தில் என்ன செய்வோம்? ஏற்கெனவே கையில் இருப்பதை அங்கே எழுதிவிடுவோம்.

கடைக்காரர் எழுதியது பரம்பரை. 'சித்தப்பன் நின்ன எடம்.' இது மரபுவழி விமர்சனம். பிச்சமூர்த்தி வழி, மௌனி வழி என்று நாம் புதியவனை ஒரு வம்சாவளியில் பொருத்துவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய ஆட்டக்காரர் எழுதியது ரசனை. 'கண்ணு இல்லை' என்றால் என்ன என்று கேட்டேன். "அது பாத்தாத் தெரியும் தம்பி" என்றார். ரசனை விமர்சனத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். க.நா.சு. போட்ட பட்டியல்களைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. அவர் கண்டுசொன்ன பெயர்களில் பல நிலைத்தன. ஏன் அந்தப் பெயர்கள் என்பதற்கு அவர் பெரும்பாலும் விளக்கம் தரவில்லை. பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். பார்க்கத் தெரிந்தவர் இருக்கும்வரை அது சரி. அவர் தவறினால் அந்தத் தவறைச் சுட்டிக்காட்ட நமக்கு ஒரு பிடியும் அகப்படாது.

வாத்தியார் எழுதியதுதான் முக்கியமானது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் வாய் திறந்தார். "அந்தத் தெருப் பயலுகளுக்கு ஒடம்புலயே பலம் இருக்குங்க. அதச் சொல்லக் கூடாது. ஆனா நிதானம் வராது." குரலில் வெறுப்பில்லை. பாராட்டுவதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். நான் தலையசைக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவர்களின் சொற்களைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். வலது கார்னரில் நின்றவனும் இளைஞன்தான், ஆனால் ஊருக்குள் இருக்கும் தெருக்காரன். அவனும் முந்திப் பாய்ந்தான், அவனும் டச் கொடுத்தான். அப்போது சுவர் சொன்னது: "துணிஞ்சு போனான்யா." இடது கார்னர்ப் பையன் அதையே செய்தபோது சுவர் சொன்னது: "அவசரக் குடுக்கை." வலது பக்கம் பிடி விழுந்தால் "மூளையோட நிக்கிறான்." இடது பக்கம் பிடி விழுந்தால் "முரட்டுப் பய." ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள். அவசரம் என்பது குணம், துணிச்சல் என்பது முடிவு. ஒன்று உடம்பிலிருந்து வருவதாகவும் மற்றது மனசிலிருந்து வருவதாகவும் மொழி பிரித்துவைக்கிறது. தவறு நடந்தால் முன்னவனுக்கு அது இயல்பு, பின்னவனுக்கு அது அனுபவம்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்கக் கால்பந்திலும் பேஸ்பாலிலும் வெள்ளையர்களும் கறுப்பர்களும் எந்தெந்த இடங்களில் நிறுத்தப்படுகிறார்கள் என்று லோய், மக்எல்வோக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1970இல் ஆராய்ந்தார்கள். யோசித்து முடிவெடுப்பதாகவும் மற்றவர்களை ஒருங்கிணைப்பதாகவும் கருதப்படும் மைய இடங்களில் வெள்ளையர்கள், வேகமும் பாய்ச்சலும் போதும் என்று கருதப்படும் ஓரங்களில் கறுப்பர்கள் என்று அது தெரியவந்தது. அங்கே புதிதாகச் சேரும் தடுப்பு ஆட்டக்காரனின் ஓட்டத்தை 40 கெஜத்துக்கு வினாடியின் நூறில் ஒரு பங்குவரை அளக்கிறார்கள். அளவுகோல் எவ்வளவு நுட்பமானாலும், அளந்ததை எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்ற இடத்தில் பழைய படிநிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்காணிப்பும் தரப்படுத்தலும் சேர்ந்த இடமே பரிசோதனை என்று பூக்கோ 1975இல் 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் சொன்னார். எங்கள் குட்டிச்சுவர் சிறைச்சாலை அல்லதான். ஆனால் பெயர் வைக்கும் அதிகாரம் அங்கேயும் இருந்தது.

இலக்கியத்தில் இது எப்படி நடந்தது என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அந்தப் பத்தாண்டு முழுக்கத் தலித் எழுத்தைப் பற்றிய விவாதங்களில் சுற்றிச்சுற்றி வந்த ஒரு வாக்கியம்: 'அனுபவம் இருக்கிறது, கலையாகவில்லை.' பலம் இருக்கு, நிதானம் இல்லை என்பதன் எழுத்துத்தமிழ் வடிவம்தான் இது. 'கச்சா' என்ற சொல் யாருடைய எழுத்துக்கு வந்தது, 'பரிசோதனை' என்ற சொல் யாருடைய எழுத்துக்கு வந்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால் வலது கார்னர், இடது கார்னர் விவகாரம் விளங்கும். என் பழைய மதிப்புரைகளை எடுத்து அப்படிப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது சந்தோஷமாக இல்லை.

4

சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியது 1959இல். 'வாடிவாசல்' வந்ததும் அதே 1959இல். தமிழில் விமர்சனத்துக்கென்று பத்திரிகை நடத்த இறங்கிய மனிதர், அதே வருஷம் ஒரு புதியவன் வாடிவாசலில் நின்று எடைபோடப்படுவதைக் கதையாக்கியிருக்கிறார் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கதையை மாட்டுக்கும் மனுஷனுக்குமான போராட்டமாகவே படித்துப் பழகிவிட்டோம். பார்வையாளர்களை வைத்துப் படித்துப்பார்க்கலாம். பிச்சி புதியவன், வெளியூர்க்காரன். அவன் பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுக்கும் கிழவன் அனுபவம் மிகுந்த வேடிக்கைக்காரன். அவன் பேச்சில்தான் எந்த மாடு எப்படி, எவன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் வாசகனுக்குத் தெரியவருகிறது. பிச்சி, காரிக் காளையால் செத்துப்போன அம்புலியின் மகன் என்று தெரிந்ததும் கிழவனின் பார்வை மாறுகிறது. எங்கள் கடைக்காரரின் 'சித்தப்பன்' இங்கே அப்பனாக நிற்கிறான். ஆனாலும் கிழவன் திட்டிவாசலுக்குப் பக்கத்தில், தூசியும் ஆபத்தும் உள்ள இடத்தில் நின்று பேசுகிறவன். அவன் தீர்ப்பு தவறினால் அவனுக்கும் வெட்கம் உண்டு.

இன்னொரு பார்வையாளர் உண்டு, மேடையில் இருக்கும் ஜமீன்தார். அவருக்குக் காரி தன் கௌரவம். பிச்சி காரியை அணைந்து வென்றதும் அவர் அதை ஒப்புக்கொள்கிறார், பிச்சியைப் பாராட்டவும் செய்கிறார். பிறகு தோற்ற காளையைத் தானே சுட்டுக்கொல்கிறார். மேடையிலிருந்து வரும் தீர்ப்பு அப்படித்தான் முடிகிறது. அதற்கு நிறைவேற்றும் அதிகாரம் உண்டு. அதே கண்கள், அதே வேடிக்கை. நிற்கும் இடம்தான் வேறு. கதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு எதையும் விளக்காமல் நிற்கிறது.

விமர்சகன் எங்கே நிற்கிறான் என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. நான் என்னைக் கிழவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவிஞருக்கு நான் மேடையில் இருந்தவனாகத் தெரிந்திருப்பேன்.

காரைக்குடிக்காரனுக்குத் தீர்ப்பு என்பது புதிய விஷயமில்லை. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தை இங்கே தொடங்கினார். கும்பகருணனா வீடணனா என்று இரண்டு கட்சியாகப் பேசி நடுவர் தீர்ப்புச் சொல்லும் பட்டிமண்டபங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இந்த ஊரில் உண்டு. பட்டிமண்டபத்தின் மேல் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இளக்காரம் அதிகம். எனக்கும் இருந்தது. ஆனால் அதில் ஒரு நாணயம் இருக்கிறது: எதிர்க்கட்சிக்கு அதே அளவு நேரம் உண்டு, நடுவர் காரணம் சொல்லியே தீர வேண்டும். எங்கள் சுவரில் எதிர்க்கட்சியே இல்லை. மதிப்புரைப் பக்கத்திலும் பெரும்பாலும் இல்லை.

5

'வருவான்' என்கிறோம். தமிழில் இந்தச் சொல் வேடிக்கையானது. ஒருவன் ஏற்கெனவே கண்ணெதிரே வந்து நிற்கும்போதுதான் 'வருவான்' என்று சொல்கிறோம். நிற்பவனை இன்னும் வராதவனாக ஆக்கும் எதிர்காலம் அது. 'நம்பிக்கை நட்சத்திரம்', 'வளரும் கவிஞர்' எல்லாம் அதே இலக்கணம். நாற்பது வயதில் ஐந்தாவது தொகுப்பு போட்டவரையும் 'வளரும்' என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு.

பிடிக்க நிற்பவன் விஷயத்தில் இந்த எதிர்காலம் இன்னும் சிக்கலானது. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் கார்னர் ஆட்டக்காரர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக நின்று புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதே வருஷம் அகமதாபாதில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். ரைடருக்கு வேண்டிய காலும் மூச்சும் வயதோடு குறையும். பிடிப்பவனுக்கு வேண்டிய காத்திருப்பு வயதோடு கூடவும் செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி. அப்படியிருக்க, பதினெட்டு வயதுக் கார்னர்ப் பையனைப் பத்து நாளில் எடைபோடுவது எந்தக் கணக்கில் சேரும்? நாற்றின் உயரத்தை வைத்து மகசூல் சொல்வதுபோலத்தான்.

தீர்ப்பே சொல்லக் கூடாது என்று நான் வாதிடவில்லை. அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், களத்தில் ஏழு பேருக்குத்தான். யாரோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். எல்லாத் தீர்ப்பும் அதிகாரம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது தொண்ணூறுகளின் கோட்பாட்டு வாசிப்பிலிருந்து நாம் பெற்ற சுலபமான பழக்கம். பையனுக்கு அது உதவாது. ஊர் அணியில் இடம் கிடைத்தால்தான் பயிற்சியாளர் அவனை மாவட்டத் தேர்வுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஆடினால்தான் சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு ஒரு போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ, எல்லாம் அந்தத் தாளோடு கட்டப்பட்டவை. சுவரில் நாலு பேர் பேசுவது காற்றில் போகிற பேச்சல்ல. பயிற்சியாளர் அதே ஊர்க்காரர், அதே டீக்கடையில் உட்காருபவர். அவர் காதிலும் அது விழும்.

திருக்குறளில் ஆளைத் தேர்வதற்கென்றே 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறள் இரண்டு தவறுகளைச் சேர்த்துச் சொல்கிறது: ஆராயாமல் ஒருவனை நம்புவது, ஆராய்ந்து எடுத்த பிறகு அவன்மேல் சந்தேகப்படுவது, இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறது. உரையாசிரியர்கள் அரசன், அமைச்சன் என்றுதான் விளக்குவார்கள். எனக்கு இப்போது இரண்டாவது பாதிதான் கண்ணில் படுகிறது. கார்னரில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் 'பாத்தியா, சொன்னேன்ல' என்கிறோம். அந்தச் சத்தம் களத்துக்குள் கேட்கும். கேட்டால் அவன் பாய யோசிப்பான். யோசித்தால் பிந்துவான். பிந்தினால் எங்கள் தீர்ப்பு மெய்யாகிவிடும். தன் முன்னறிவிப்பைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் விமர்சனம் இது.

6

பட்டியல் வந்தது. பையன் பன்னிரண்டில் இருந்தான், ஏழில் இல்லை. திருவிழா இரவில் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கொஞ்ச நேரம் மாற்றாளாக இறக்கினார்கள். எதிரணி ரைடர்கள் வந்தார்கள், போனார்கள். அவன் பக்கம் ஒருவரும் ஆழமாக வரவில்லை. அவன் ஒரு தடவைகூடப் பாயவில்லை, ஒரு டச்சும் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது. நம்மூர் ஜெயித்தது.

"உள்ள போயி ஒண்ணும் பண்ணலையேப்பா" என்றார் பழைய ஆட்டக்காரர். வெறுப்பில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்று ராத்திரி டீக்கடையில் எதிரணி ரைடர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஏன் கடைசியில் அந்தப் பக்கம் போகவில்லை என்று கேட்டேன். "அந்தச் சின்னப் பையனாண்ணே? அவன் நிக்கிறதப் பாத்தா எப்பப் பாயுவான்னே தெரியலை. ரிஸ்க் எதுக்குன்னு இந்தப் பக்கமே பாடிட்டு வந்துட்டேன்" என்றார்.

நாங்கள் ஐந்து பேர் பத்து நாள் பார்த்துக் காணாத ஒன்றை அவர் சில வினாடிகளில் கண்டிருந்தார். அவர் கெட்டிக்காரர் என்பதல்ல காரணம். அவருக்கு அதில் பணயம் இருந்தது. தவறாகப் படித்தால் அவர் பிடிபடுவார். எங்களுக்கு எதுவும் போகாது. புதிய எழுத்தைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு புதிய கவிஞன் வந்ததால் இனி இந்த வழியாகப் போக முடியாது என்று தன் பாதையை மாற்றிக்கொள்ளும் இன்னொரு கவிஞன்தான் அவனது முதல் நல்ல வாசகன். அந்த மாற்றம் எந்த மதிப்புரையிலும் பதிவாவதில்லை. அதைத் தேடிப்போய்க் கேட்டு எழுதுவது விமர்சகனின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் சுவரில் இதைச் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். "நீங்க புஸ்தகம் படிக்கிறவுக, எல்லாத்துலயும் ஒரு அர்த்தம் பாப்பீக" என்றார். அது ஒரு வகையில் நியாயமான பதில்தான். ஒரு ரைடர் ஒரு ராத்திரி சொன்னது ஆதாரமாகாது. பையன் நாளைக்கே சொதப்பலாம். ஆனால் நான் என்ன எதிர்பார்த்தேன் என்று யாராவது கேட்டால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: அவன் நிற்கும் பக்கத்தில் ரைடர்கள் வரத் தயங்குகிறார்களா என்று பார்ப்பேன், கவரில் நிற்பவன் அவனுக்குத் துணையாக வந்தானா இல்லையா என்று சேர்த்து எண்ணுவேன், வலது கார்னருக்குச் சொன்ன சொல்லையே இவனுக்கும் சொல்வேன். இந்த மூன்றையும் அன்று அவர்களிடம் சொன்னேன். பழைய ஆட்டக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அடுத்த ஆட்டத்துல எண்ணிப் பாப்பம்" என்றார்.

பயிற்சியாளரிடமும் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மாவட்டத் தேர்வுக்கு யாரைக் கூட்டிப்போவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தக் கவிஞருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.